முண்டு மிளகாய் விதையைக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி:

ராமநாதபுரம் மாவட்டம் திருப்பாலைக்குடி பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. மூன்று ஏக்கர் மானாவாரி. இரண்டு ஏக்கரில் முண்டு மிளகாய், கண்மாய் ஓரமாக ஒரு ஏக்கர் நெல். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் விவசாயத்தை நானும் மாமியாரும்தான் பார்க்கிறோம். போன மாதம் வெளி மாநில விதைக் கம்பெனிக்காரர்கள், ஓர் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானியோடு ஊருக்கு வந்தார்கள். உப்புத் தாங்கும் புது மிளகாய் உருவாக்குகிறார்களாம். பன்னிரண்டு குடும்பங்கள் ஆளுக்கு 20 சென்ட் சோதனை வயலாக விட வேண்டும். விதையும் உரமும் இலவசம், கூலிக்கு ஒரு தொகை, விளைந்ததை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். கூடவே எங்கள் வீட்டு முண்டு விதையில் ஒரு கிலோ கேட்கிறார்கள். மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழம் பொறுக்கி எடுத்துவரும் விதை அது. சுற்றுவட்டாரத்தில் பலரும் எங்களிடம்தான் வாங்குவார்கள். "கொடுத்தால் நாளைக்கு நம்ம விதையை நமக்கே காசுக்கு விற்பான்" என்கிறார் மாமியார். "கடல் தண்ணி ஏறிக்கிட்டே வருது, புது விதை வந்தால்தான் பிழைக்கலாம்" என்கிறார் கொழுந்தனார். ஒப்பந்தம் நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். புரட்டாசி விதைப்புக்கு முன் கையெழுத்துக் கேட்கிறார்கள். நகல் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

சேருங்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய தாளில், இப்போது இருக்கிறபடி கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, கொழுந்தனார் சொல்வதும் உண்மைதான். இரண்டு பேருக்கும் சரிவருகிற வழி ஒன்று உண்டு. விதை உங்கள் வீட்டுப் படியைத் தாண்டுவதற்கு முன்னால் சில வேலைகளை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதலில் விதைத்துவிடுவோம், மற்றதைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று விட்டால் அந்தப் பிறகு வரவே வராது. பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

ஏன் சேரச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிளகாய் உப்பை அவ்வளவாகத் தாங்காத பயிர். மண்ணின் உப்பை இ.சி. என்ற அளவால் குறிப்பார்கள். மண்ணை நீரில் முழுதாக ஊறவைத்து எடுத்த சாற்றில் இந்த அளவு 4-ஐத் தாண்டினால் அது உவர் நிலம். நெல்லுக்கு 3-ஐத் தாண்டும்போதுதான் மகசூல் இறங்கத் தொடங்கும். மிளகாய்க்கு 1.5-லேயே இறங்கிவிடும். (உங்கள் மண் பரிசோதனை அட்டையில் வேறு முறையில் அளந்திருக்கக்கூடும், எண்ணும் மாறும். எந்த முறை என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) இப்படிப்பட்ட பயிர் உங்கள் கடலோர நிலத்தில் தலைமுறையாக நிற்கிறது என்றால், வருடா வருடம் அந்த மண்ணிலேயே பிழைத்த செடியிலிருந்து விதை எடுத்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும். அந்தக் குணம் எது, எந்தச் செடியில் எவ்வளவு இருக்கிறது, அதை நிலையாக நிறுத்த முடியுமா என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகம் வேண்டும், பல பருவம் வேண்டும், காசும் வேண்டும். அரசு ஆராய்ச்சி நிலையங்களில் அறிவு இருக்கிறது, ஆனால் புது விதையைப் பெருக்கி ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் அளவுக்கு ஆளும் பணமும் பெரும்பாலும் இருப்பதில்லை. அது கம்பெனியிடம் இருக்கிறது. உங்களிடம் விதையும் நிலமும், செடியைப் பார்த்ததும் நல்லது கெட்டது சொல்லும் கண்ணும் இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்தால் கடலோரத்துக்கு நல்லது நடக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

இதற்கு முன்மாதிரி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எம்.கே. 1 மிளகாய், கோ 2 ரகத்தையும் ராமநாதபுரம் குண்டு மிளகாயையும் (உங்கள் முண்டைத்தான் இப்படியும் சொல்வார்கள்) ஒட்டுச்சேர்த்து வந்ததுதான். கேரளத்துப் பொக்காளி நெல்லின் கதை இன்னும் பெரியது. எர்ணாகுளம், ஆலப்புழை பக்கம் உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் வயல்களில் உழவர்கள் காலங்காலமாகக் காத்த நெல் அது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதை ஐ.ஆர். 29 ரகத்தோடு சேர்த்து எஃப்.எல். 478 என்ற வரிசையை, அதாவது ரகமாக வெளியிடாத ஆராய்ச்சி விதையை, எடுத்தார்கள். உப்பைத் தாங்கவைக்கும் 'சால்டால்' என்ற மரபுப் பகுதி அதில் இருக்கிறது. இன்று பல நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் நெல் ரகங்களுக்குள் அந்தப் பகுதியைக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். பொக்காளி வயல்காரர்கள் தேர்ந்தெடுத்து வைத்திராவிட்டால் ஆய்வகத்துக்கு எடுத்துப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

உங்கள் ஒப்பந்தத்தைப் படித்ததும் எனக்கு உறுத்தியது இதுதான். பன்னிரண்டு குடும்பங்களும் சோதனைக்கு நிலம் விடுகிறவர்கள் என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் ஒரு கிலோ விதை, 'இலவச மாதிரி' என்று இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியில் கடந்துபோகிறது. அந்த விதையிலிருந்து வருவது யாருக்குச் சொந்தம் என்றால், மூன்றாம் பக்கத்தில் 'எல்லா முடிவுகளும் பொருள்களும் கம்பெனிக்கு' என்று இருக்கிறது. இந்த இரண்டு வரிகளும் மாறாமல் விதை கொடுக்காதீர்கள்.

சரி, விதைக்கு என்ன பாதுகாப்பு? ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, அது போதாதா என்று உங்கள் ஊரில் சிலர் கேட்கலாம். போதாது. புவிசார் குறியீடு காப்பது பெயரை. வேறு ஊரில் விளைந்ததை ராமநாதபுரம் முண்டு என்று சொல்லி விற்கக் கூடாது, அதுதான் அதன் வேலை. விதையை எடுத்துக்கொண்டுபோய் இன்னொன்றோடு ஒட்டுச்சேர்த்து, வேறு பெயரில் விற்பதை அது தடுக்காது.

விதைக்கு இருப்பது 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம். கம்பெனி ஒரு புது மிளகாய் ரகத்தைப் பதிவு செய்யப் போனால், அதற்கு எந்த விதையைப் பயன்படுத்தினார்கள், அது எங்கிருந்து வந்தது, முறையாகப் பெற்றார்களா என்று சொல்லியாக வேண்டும். கிராமத்துக் குடும்பங்கள் காத்துவந்த விதையைப் பயன்படுத்தியதை மறைத்தால் பதிவையே நிராகரிக்கலாம். உழவர் ரகம் ஒன்றிலிருந்து, அதன் முக்கியக் குணங்களை அப்படியே வைத்துக்கொண்டு வேறு ரகம் எடுத்தால், அதற்கு அனுமதி தர, அந்த விதையைக் காத்த உழவர்களின் சம்மதம் வேண்டும். வேறு வகையில் பயன்படுத்தியிருந்தால் பலன் பங்கீடு கேட்கலாம். அந்தப் பணம் இந்தச் சட்டத்தின்கீழ் உள்ள ஆணையத்தின் மரபணு நிதி வழியாக வரும். ஊர் சார்பாக ஒரு குழுவோ தொண்டு நிறுவனமோகூட இதைக் கேட்க முடியும்.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "இது எங்கள் விதை" என்று காட்ட உங்கள் கையில் என்ன இருக்கிறது? மாமியாரின் கைப்பழக்கமும் ஊர்க்காரர்களின் வாய்ச்சொல்லும்தான். அதை இந்த ஆவணிக்குள் காகிதமாக்கிவிட வேண்டும். உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை அவர்கள்தான் வைத்திருப்பார்கள். அதில் விதையின் பெயர், குணங்கள், யார் காத்துவருகிறார்கள், எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது என்றெல்லாம் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். பிறகு ஒரு பொட்டலம் விதையைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் இராமையா மரபணு வங்கிக்கு உங்கள் பெயர், ஊர் விவரத்தோடு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். ராமநாதபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கடலோர உவர் ஆராய்ச்சி மையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். கம்பெனிக்கு விதை போன தேதிக்கு முந்தைய தேதியில் இந்தக் காகிதங்கள் இருப்பதுதான் முக்கியம்.

உழவர் ரகமாகப் பதிவு செய்வதும் நல்லது. உழவர்களுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தில் பல்லுயிர்க் குழுத் தலைவரோ மாவட்ட வேளாண் அதிகாரியோ சான்றளித்தால் போதும். ஆனால் பயிருக்குப் பயிர் காலக்கெடு உண்டு, ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே முதலில் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். யார் பெயரில் போடுவது என்ற கேள்வி கண்டிப்பாக வரும். உங்கள் மாமியார் பெயரில் மட்டும் போட்டால் ஊருக்குள் மனத்தாங்கல் வரும், பன்னிரண்டு பேர் பெயரில் மட்டும் போட்டால் அவருடைய உழைப்பு மறைந்துபோகும். குழுவின் பெயரில் போட்டு, விதையைத் தேர்ந்து காத்தவர் என்று அவரைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

கம்பெனி வெளிநாட்டு முதலாளிகளின் பிடியில் இருப்பதா என்றும் கேட்டுவிடுங்கள். அப்படியானால் ஆராய்ச்சிக்கு விதை எடுக்கவே சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. ஒழுங்கான நிறுவனம் கோபித்துக்கொள்ளாது.

நீங்கள் கேட்காத ஒரு விஷயத்துக்கு இப்போது வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் இருப்பதிலேயே அவசரமானது.

மிளகாய் தன் பூவின் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் பக்கத்துச் செடியின் மகரந்தத்தையும் தாராளமாக ஏற்கும். தேனீ வந்து உட்கார்ந்தால் போதும். அதனால்தான் விதைச் சான்றளிப்பில், சான்று விதைக்கு 200 மீட்டரும், அந்தச் சான்று விதையைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு 400 மீட்டரும் மற்ற மிளகாயிலிருந்து விலகி இருக்கச் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் பன்னிரண்டு வயல்களில் புது மிளகாய் வந்துவிட்டால், நடுவில் இருக்கும் உங்கள் முண்டுச் செடிகளில் அந்த மகரந்தம் விழத்தான் செய்யும். அந்த வருடப் பழத்தில் ஒன்றும் தெரியாது. பழம் உருண்டையாக, தோல் தடிப்பாக, வழக்கம்போலத்தான் இருக்கும். மாமியாரும் வழக்கம்போல நல்ல பழமாகப் பொறுக்கி விதை எடுப்பார். மறு வருடம் விதைத்தால்தான் சில செடிகளில் காய் நீளும், சிலவற்றில் தோல் மெலியும், காரம் மாறும். அதற்குள் அந்த விதை பல வீடுகளுக்குப் போயிருக்கும். இத்தனை வருட உழைப்பு ஒரே பருவத்தில் கலங்கிப்போகும், யாரும் வேண்டுமென்று செய்யாமலேயே.

இதைத் தடுப்பது கஷ்டமில்லை. கையில் இருக்கும் பழைய விதையில் பாதியை இந்த வருடம் தொடாதீர்கள். நிழலில் நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் இறுக மூடி, தேதி எழுதி வையுங்கள். சரியாகக் காய்ந்த மிளகாய் விதை அடுத்த ஆண்டுக்கும் தாராளமாக முளைக்கும். மீதியில் விதை எடுப்பதற்கென்று ஒரு சிறு பாத்தி, சோதனை வயல்களுக்கு எட்டாத தூரத்தில் போடுங்கள். அவ்வளவு தள்ளி இடம் இல்லையென்றால், ஐம்பது செடிக்குக் குறையாமல் கம்பு நட்டுக் கொசுவலை கட்டுங்கள். முதல் பூ விரிவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும், வலையின் அடி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். செடியின் நுனி வலையில் உரசினால் வெளியே இருந்து தேனீ எட்டிவிடும், ஆகவே ஒரு முழம் இடைவெளி விடுங்கள். உள்ளே தேனீ இல்லாவிட்டாலும் மிளகாய் காய்க்கும். காலையில் செடியை லேசாக ஆட்டிவிட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். இந்த வலைச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பெரிய காசே இல்லை. விதைப் பயிரை எப்படித் தள்ளி வைப்பது என்று அவர்களுக்கும் நன்றாகத் தெரியும், சொல்லத் தோன்றியிருக்காது.

சோதனை வயல் போடும் விதத்தையும் கொஞ்சம் மாற்றச் சொல்லுங்கள். 20 சென்ட்டிலும் புது விதையே போட்டால் எதோடு ஒப்பிடுவது? பாதியில் உங்கள் முண்டு இருக்கட்டும். ஒரே நாளில் விதைத்து, ஒரே உரம், ஒரே மருந்து. பன்னிரண்டு வயலும் ஒரே மாதிரி மண்ணில் இருந்தாலும் பயனில்லை. மேட்டுப் புஞ்சை, கண்மாய் அடி, கடலுக்குப் பக்கத்தில் சித்திரை வெயிலில் வெள்ளையாகப் பூக்கும் நிலம் என்று கலந்து எடுக்க வேண்டும். எல்லாப் புது வரிசைகளையும் சேர்த்து ஒரு பெரிய வயலில் விஞ்ஞானி பார்க்கட்டும், ஒவ்வொரு குடும்பமும் அதில் இரண்டு மூன்றை மட்டும் தங்கள் வயலில் பார்க்கட்டும். தாய் சேய் சோதனை என்று இதைச் சொல்வார்கள், பல நாடுகளில் பலன் தந்த முறை.

உப்புத் தாங்கும் என்று சொல்வது எந்தப் பருவத்தில் என்றும் விஞ்ஞானியிடம் கேளுங்கள். ஒரே பயிர் ஒரு வயதில் தாங்கும், இன்னொரு வயதில் தாங்காது. நெல்லையே பாருங்கள், முளைக்கும்போது தாக்குப்பிடிக்கும், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் அடிவாங்கும். வயல் பச்சையாக நிற்கும், கதிர் பதராகிவிடும். உங்கள் பகுதியில் வடகிழக்கு மழை கழுவிய உப்பு, மழை நின்றதும் தை, மாசியில் மேலே ஏறும். மிளகாய் பூத்துக் காய்ப்பது அப்போதுதான். தொட்டியில் வளர்த்த இளஞ்செடி உப்பைத் தாங்கியது என்ற முடிவு மட்டும் உங்களுக்குப் போதாது. ஒரு பருவம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. நல்ல மழை பெய்த வருடத்தில் எந்த விதையும் நல்ல விதைதான். குறைந்தது மூன்று பருவம்.

எதை அளப்பது என்பதிலும் நீங்கள் பேச வேண்டும். கம்பெனிக்காரர்கள் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று எழுதிக்கொண்டு போவார்கள். அது வேண்டியதுதான். ஆனால் பழம் எத்தனை நாளில் காய்கிறது, களத்தில் கிடக்கும்போது ஒரு மழை விழுந்தால் எவ்வளவு சோடையாகிறது, காம்பு எளிதாகக் கையோடு வருகிறதா, குனிந்து பறிக்கும் பெண்களுக்கு இடுப்பு ஒடிகிறதா, குழம்புக்குப் போட்டால் அந்த நிறமும் மணமும் வருகிறதா, இதெல்லாம் யார் எழுதுவது? முண்டு மிளகாய்க்கு எட்டிவயல் சந்தையில் விலை கிடைப்பதே உருண்டையான வடிவுக்கும் நிறத்துக்கும் தடித்த தோலுக்கும்தான். உப்பைத் தாங்கி, இவற்றை இழந்த மிளகாய் வந்தால் உங்களுக்கு நஷ்டம். பூச்சியையும் விடாதீர்கள். 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைக் கருப்பு இலைப்பேன் எப்படி அழித்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உப்புக்கு நிற்கும் செடி இலைப்பேனுக்கு விழுந்தால் என்ன பிரயோசனம்? பறிக்கும் பெண்கள், மாமியார் உட்பட, பருவத்தில் இரண்டு முறை வயல் வயலாக நடந்து, பிடித்த செடிக்கும் பிடிக்காத செடிக்கும் நிறத்துணி கட்டட்டும். அந்தக் கணக்கும் ஆய்வு முடிவில் சேர வேண்டும். விஞ்ஞானி இதற்கு ஒத்துக்கொண்டால் நல்ல கையில் விழுந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். முதலில் தமிழில் வேண்டும், இரண்டு மொழிக்கும் முரண்பாடு வந்தால் தமிழ்ப் பிரதியே செல்லும் என்ற வரியோடு. ஆராய்ச்சி நிறுவனமும் மூன்றாவது தரப்பாகக் கையெழுத்திட வேண்டும். இப்போதைய தாளில் அவர்கள் பெயரே இல்லை. அப்படி இருந்தால் நாளைக்கு முடிவுகளைக் கேட்டுப் போனால், கம்பெனியைக் கேளுங்கள் என்று கைவிரித்துவிடுவார்கள். சோதனை தோற்றாலும் ஜெயித்தாலும் முடிவுகளை உங்கள் குழுவுக்குத் தமிழில் தர வேண்டும்.

நஷ்ட ஈடு பற்றிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். விதை சரியில்லாமல் பயிர் போனால் உழவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம், தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனிக்காக விதைப் பயிர் வளர்த்தவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்றது. ஆனால் நுகர்வோர் என்றால் காசு கொடுத்து வாங்கியவர். உங்களுக்கு விதை இலவசம். இலவசமாக வந்த விதை மோசம் என்று அந்த நீதிமன்றத்தில் நிற்பது கடினம். இலவசம் என்று கேட்டதும் நமக்கு வரும் சந்தோஷத்தில் இது தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே ஈட்டுத்தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பக்கத்துப் பாதியில் உங்கள் சொந்த முண்டு எவ்வளவு விளைந்ததோ, புது விதை அதைவிடக் குறைந்தால் குறைந்த கிலோவுக்கு அன்றைய சந்தை விலை. இரண்டு பாதியும் மழையில்லாமல் போனால் அது இயற்கை, கம்பெனியைக் கேட்க முடியாது. ஒப்பிட ஒரு பாதி வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பையையும் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், ஒரு பிடி விதையையும் எடுத்து வையுங்கள். முளைப்பு சரியில்லையென்றால் அந்த வாரமே தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் விதை ஆய்வாளரிடமும் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று வாங்குங்கள்.

நான்காம் பக்கத்தில், அறுவடை செய்ததில் விதை எடுத்து வைக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. இன்னும் வெளிவராத சோதனை வரிசைகளைப் பொறுத்தவரை அதை நான் ஏற்கிறேன். ஆராய்ச்சி முடியாத விதை ஊருக்குள் பரவுவது உங்களுக்கும் நல்லதல்ல. ஆனால் அந்த வரி 'மிளகாய் விதை' என்று பொதுவாக இருக்கிறது. இப்படியே விட்டால் உங்கள் முண்டு விதையை அண்டை வீட்டுக்குக் கொடுப்பதுகூடத் தப்பு என்று வாதாட இடம் இருக்கிறது. 'கம்பெனி தந்த சோதனை வரிசைகள் மட்டும்' என்று திருத்தச் சொல்லுங்கள். ரகம் வெளிவந்த பிறகு சட்டம் உங்கள் பக்கம். பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும் விதை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கக்கூட உழவருக்கு உரிமை உண்டு என்கிறது 39-ஆம் பிரிவு. முத்திரையும் பெயரும் போட்ட பையில் அடைத்து விற்கத்தான் கூடாது. 2019-ல் குஜராத்தில் ஓர் உருளைக்கிழங்கு ரகத்துக்காகப் பெப்சிகோ நிறுவனம் உழவர்கள் மீது கோடிக்கணக்கில் ஈடு கேட்டு வழக்குப் போட்டு, நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அந்த உழவர்கள் பக்கம் நின்றதும் இந்தப் பிரிவுதான். வழக்கு திரும்பினாலும் அந்தக் குடும்பங்கள் பட்ட பயம் பட்டதுதானே. அதனால் வார்த்தையை இப்போதே சரிசெய்வது மேல்.

வரப்போவது ஒட்டு விதையா, ரகமா என்றும் கேளுங்கள். வீரிய ஒட்டு என்றால் அதிலிருந்து எடுத்த விதை மறு வருடம் ஒரே சீராக வராது, ஒவ்வொரு விதைப்புக்கும் வாங்கித்தான் ஆக வேண்டும். மானாவாரிக் கடலோரத்துக்கு, மழை பொய்த்தால் மறுபடி விதைக்க வேண்டிய இடத்துக்கு, நான் ரகத்தைத்தான் விரும்புவேன். பன்னிரண்டு குடும்பங்களும் சேர்ந்து கேட்டால், உங்கள் விதையிலிருந்து வரும் பொருள்களில் ஒன்றாவது ரகமாக வர வேண்டும், அதன் விதைப் பெருக்கத்தை உங்கள் குழுவுக்கே தர வேண்டும் என்று எழுதி வாங்க முடியும். விதைப் பயிருக்கு வத்தலைவிட நல்ல விலை உண்டு. இந்தக் கூட்டில் நீண்ட காலத்துக்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பலன் அதுதான் என்று நினைக்கிறேன்.

விலை விஷயத்தில் சுருக்கமாக: ஒரு குறைந்தபட்ச விலை, சந்தை விலை, இரண்டில் எது அதிகமோ அது. தரம் பார்ப்பதும் எடை போடுவதும் ஊரிலேயே, உங்கள் முன்னால். வழக்கு என்று வந்தால் ராமநாதபுரம் நீதிமன்றம், அவர்கள் தலைமையகம் இருக்கும் ஊர் அல்ல. கொள்முதல் ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒப்பந்தப் பண்ணையச் சட்டப்படி பதிவு செய்ய முடியுமா என்று வேளாண் விற்பனைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுந்தனாரிடம் ஒன்று சொல்லுங்கள். விதை வருவதற்குள் மண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்கள் நிலம் உவரா களரா என்று தெரியாமல் ஜிப்சம் வாங்கிக் கொட்டிவிட வேண்டாம். கார அமிலத்தன்மை 8.5-க்கு மேல் போய்ச் சோடியம் பிடித்த களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். வெறும் உப்பு ஏறிய உவருக்கு மழைத்தண்ணீரைத் தேக்கிக் கழுவி, வடிகால் வெட்டி வெளியேற்றுவதுதான் மருந்து. கண்மாய் வண்டல் அடிக்க அனுமதி கிடைத்தால் அடியுங்கள். எந்தப் புது விதையும் வடிகால் இல்லாத வயலில் அதிசயம் செய்யாது.

இந்த வாரம் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாக உட்காருங்கள், மாமியாரும் கட்டாயம் இருக்கட்டும். தனித்தனியாக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு திருத்தங்களை ஒரு தாளில் எழுதிக் கம்பெனிக்கும் விஞ்ஞானிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, உங்கள் பெயரில் விண்ணப்பித்து ஒரு வழக்கறிஞரிடம் தமிழ் வரைவைக் காட்டிவிடுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், வரிவரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன். புரட்டாசிக்குள் எல்லாம் முடியாவிட்டால், இந்த வருடம் வழக்கம்போல உங்கள் முண்டையே விதையுங்கள். அவர்களுக்கு உண்மையிலேயே உங்கள் விதை வேண்டுமென்றால் அடுத்த ஆவணியில் மறுபடி வருவார்கள்.

அன்புடன்,
உங்கள் விதை ஆலோசகர்